முடி கொட்டவைக்கும் ஹார்மோனை முதன்முதலில் தயாரித்தவர்: யார் இந்த அடோல்ஃப் பூட்டெனான்ட்?

குளித்து முடித்ததும் தரையில் கிடக்கும் முடியை எண்ணிப் பார்ப்பவரா நீங்கள்? காலேஜ் முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகும் முகப்பரு விட மாட்டேன் என்கிறதா? அப்படியென்றால் டி.ஹெச்.டி என்ற பெயரை எப்படியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோல் மருத்துவர் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் மொபைலில் வந்த ஏதாவது ஒரு ஷாம்பு விளம்பரம் சொல்லியிருக்கும்.

டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்பதன் சுருக்கம்தான் இந்த டி.ஹெச்.டி. ஆண்களுக்கு நெற்றி ஏறுவது, தலை உச்சியில் வழுக்கை விழுவது எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இதுதான். முகப்பருவிலும், சில பெண்களுக்கு முகத்தில் ரோமம் வளர்வதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இந்தப் பொருளை முதன்முதலில் ஆய்வகத்தில் தயாரித்தவர் ஒரு ஜெர்மன் வேதியியலாளர். ஆண்டு 1935. பெயர் அடோல்ஃப் பூட்டெனான்ட். அப்போது அவருக்கு வயது 32. தலைமுடியைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. தன் கையில் இருப்பது உடலுக்குள் இயற்கையாகவே உருவாகும் பொருள் என்பதற்கும் அன்று ஆதாரம் கிடையாது.

நோபல் பரிசு கிடைத்தும் வாங்க முடியாமல் போனவர் இவர். நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவரும் இவர்தான். இன்று லட்சக்கணக்கானோர் விழுங்கும் ஒரு மாத்திரையின் கதை இவரிடமிருந்துதான் தொடங்குகிறது. யார் இவர்? என்ன செய்தார்? என்ன செய்யாமல் விட்டார்?

கோட்டிங்கன் மாணவர்

1903 மார்ச் 24 அன்று, வட ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபென் துறைமுகத்தை ஒட்டிய லேஹே என்ற ஊரில் பிறந்தார் பூட்டெனான்ட். அப்பா வணிகர். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியலும் உயிரியலும் படித்துவிட்டு, கோட்டிங்கனுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசான் அடோல்ஃப் விண்டவுஸ்.

விண்டவுஸ் சாதாரண ஆள் இல்லை. கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டெரால்களின் வேதியியலில் அன்றைய உலகின் முன்னணி நிபுணர். 1928-ல் வேதியியல் நோபல் பெற்றவர். அவரிடம் 1927-ல் முனைவர் பட்டம் முடித்தார் பூட்டெனான்ட்.

அந்தச் சமயத்தில் பெர்லினைச் சேர்ந்த ஷெரிங் என்ற மருந்து நிறுவனம் ஒரு சிக்கலில் இருந்தது. பெண் உடலில் சுரக்கும் ஹார்மோனை மருந்தாக விற்க அதற்கு ஆசை. ஆனால் அது என்ன பொருள், அதன் அமைப்பு என்ன என்று யாருக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு இளைஞர் வேண்டும் என்று கேட்டபோது விண்டவுஸ் கைகாட்டியது பூட்டெனான்ட்டை.

1929-ல், கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரில் இருந்து ஈஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் தனியாக இதைச் செய்து முடித்திருந்தார். பூட்டெனான்ட்டுக்கு ஆய்வகத்தில் தோள் கொடுத்தவர் எரிகா ஃபான் சீக்னர். 1931-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஏழு குழந்தைகள்.

15,000 லிட்டரில் இருந்து 15 மில்லிகிராம்

பெண் ஹார்மோன் கிடைத்துவிட்டது. அடுத்து ஆண் ஹார்மோன்.

ஆணின் விதைப்பையில் ஏதோ ஒன்று உருவாகி, ரத்தம் வழியாக உடல் முழுக்கப் போகிறது என்பதை 1849-லேயே ஒருவர் காட்டியிருந்தார். அவரும் கோட்டிங்கன்காரர்தான். பெயர் அர்னால்ட் பெர்த்தோல்ட். சேவல்களின் விதைகளை அகற்றினார். கொண்டை சுருங்கியது, கூவுவதும் சண்டை போடுவதும் குறைந்தது. அகற்றிய விதையை வயிற்றுக்குள் வைத்தபோது கொண்டை பழையபடி வளர்ந்தது.

இந்தக் கொண்டைதான் 80 வருஷம் கழித்து பூட்டெனான்ட்டுக்கு அளவுகோலாக இருந்தது. ஒரு திரவத்தில் ஆண் ஹார்மோன் இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமா? விதை நீக்கிய சேவலுக்கு ஊசி போடு. கொண்டை வளர்ந்தால் இருக்கிறது. வளராவிட்டால் இல்லை. இன்றைய ரத்தப் பரிசோதனைக்கு அன்றைய மாற்று இதுதான்.

சரி, ஹார்மோனுக்கு மூலப்பொருள்? ஆண்களின் சிறுநீர். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. பெர்லின் போலீஸ்காரர்களிடம் இருந்து சேகரித்தது சுமார் 15,000 லிட்டர். நம்ம ஊர் பெரிய தண்ணீர் லாரி ஒன்று சுமார் 12,000 லிட்டர் பிடிக்கும். அதைவிட அதிகம்.

அந்தச் சிறுநீரைக் கரைப்பான்களால் பிரித்து, பிரித்ததை மறுபடியும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சேவல் கொண்டையில் சோதித்துப் பார்த்தார்கள். பூட்டெனான்ட்டும் அவருடைய மாணவர் கர்ட் செர்னிங்கும் 1931-ல் கடைசியாக அடைந்தது வெறும் 15 மில்லிகிராம் படிகம். ஒரு அரிசியைவிடக் குறைவான எடை.

அந்தத் துளியை வைத்துக்கொண்டு அதன் வாய்பாட்டையும், நான்கு வளையங்கள் கொண்ட ஸ்டெராய்டு குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் கணித்தார் பூட்டெனான்ட். ஆண்ட்ரோஸ்டெரோன் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ஆண்ட்ரோ என்றால் ஆண்.

இங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஆண்ட்ரோஸ்டெரோன் உடலின் முதன்மை ஆண் ஹார்மோன் கிடையாது. ஆண் ஹார்மோன்கள் வேலையை முடித்துவிட்டுச் சிதைந்து வெளியேறும்போது மிச்சமாகும் பொருள். ஒரு குறிப்பிட்ட என்சைம், அதாவது நொதி, ஹார்மோனை மாற்றியிருந்தால்தான் இந்த மிச்சம் சிறுநீரில் இருக்கும். அந்த நொதியின் பெயர் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ். இன்றைய வழுக்கை மாத்திரை தடுப்பது இதே நொதியைத்தான். அதன் காலடித் தடம் 1931-லேயே பூட்டெனான்ட்டின் கையில் இருந்தது. காலுக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

1935: ஒரு வார இடைவெளியில் நடந்த போட்டி

1933-ல் டான்சிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார் பூட்டெனான்ட். இன்று போலந்தில் இருக்கும் கடான்ஸ்க்தான் அன்றைய டான்சிக். 1934-ல் கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார். இதற்கு சுமார் 50,000 பன்றிகளின் சூலகங்கள் தேவைப்பட்டன.

1935-ல் ஆட்டம் சூடுபிடித்தது. ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு, காளைகளின் விதைகளில் இருந்து உண்மையான ஆண் ஹார்மோனைப் பிரித்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் சூட்டியது. அடுத்த கேள்வி, இதை ஆய்வகத்தில் செய்ய முடியுமா என்பதுதான். ஒவ்வொரு முறையும் காளையை நம்பிக்கொண்டிருந்தால் மருந்து கட்டுப்படியாகாது.

கொலஸ்ட்ராலில் இருந்து டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கும் வழியை 1935 ஆகஸ்ட் 24 அன்று ஆய்விதழுக்குச் சமர்ப்பித்தார் பூட்டெனான்ட். சரியாக ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்த லியோபோல்ட் ருஷிச்காவின் குழுவும் அதே வெற்றியை அறிவித்தது. பூட்டெனான்ட் பின்னால் ஷெரிங், ருஷிச்கா பின்னால் சீபா. இரண்டு விஞ்ஞானிகளின் போட்டி என்பதோடு, இரண்டு மருந்து நிறுவனங்களின் போட்டியும் அதுதான்.

அதே ஆண்டில்தான் டெஸ்டோஸ்டிரோனோடு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்து டி.ஹெச்.டி-யைத் தயாரித்தது பூட்டெனான்ட் குழு. டெஸ்டோஸ்டிரோன் கண்டுபிடிப்பின் பரபரப்பில் இது ஒரு ஓரத்துச் செய்தியாகவே கிடந்தது.

காலியான நாற்காலி யாருடையது?

1935-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. மறுத்துவிட்டார். 1936-ல் பெர்லினில் உள்ள கைசர் வில்ஹெல்ம் உயிர்வேதியியல் நிறுவனத்தின் இயக்குநர் பதவி தேடி வந்தது. ஜெர்மனியில் அந்தத் துறையின் உச்சப் பதவிகளில் ஒன்று. வயது 33.

ஆனால் அந்த நாற்காலி எப்படிக் காலியானது? அதில் முன்பு இருந்தவர் கார்ல் நாய்பெர்க், உயிர்வேதியியல் என்ற துறையையே வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். அவர் யூதர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்களை அரசுப் பணிகளில் இருந்து நீக்கும் சட்டம் வந்தது. நாய்பெர்க் பதவியை இழந்தார். பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அமெரிக்காவில்தான் கண்மூடினார்.

பூட்டெனான்ட் 1936 மே 1 அன்று நாஜிக் கட்சியில் சேர்ந்தார். கட்சி மேடைகளில் முழங்கியவர் இல்லை. ஆனால் ஆட்சியோடு மோதியவரும் இல்லை. தன் ஆய்வகம், தன் ஆட்கள், தன் நிதி, இவை மூன்றும் பத்திரமாக இருக்க என்ன தேவையோ அதைச் செய்தார்.

கைக்கு வராத நோபல்

1939-ல் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டது. பாலியல் ஹார்மோன்கள் மீதான ஆய்வுக்காக பூட்டெனான்ட்டுக்கு ஒரு பாதி, ருஷிச்காவுக்கு ஒரு பாதி. அப்போது பூட்டெனான்ட்டின் வயது 36.

பரிசை வாங்க முடியவில்லை. காரணம் இன்னொரு நோபல். நாஜிக்களின் வதைமுகாமில் அடைக்கப்பட்டிருந்த பத்திரிகையாளர் கார்ல் ஃபான் ஒஸியட்ஸ்கிக்கு 1935-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் வழங்கப்பட்டிருந்தது. கோபமடைந்த ஹிட்லர், இனி எந்த ஜெர்மானியரும் நோபல் வாங்கக் கூடாது என்று தடை போட்டிருந்தார்.

ரிச்சர்ட் கூன், கெர்ஹார்ட் டோமாக், பூட்டெனான்ட் என மூன்று ஜெர்மன் விஞ்ஞானிகள் இந்தத் தடையில் மாட்டினார்கள். டோமாக் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பியதற்காக கெஸ்டபோ என்ற ரகசிய போலீஸால் கைதே செய்யப்பட்டார். மூவரும் பரிசை மறுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். போர் முடிந்த பிறகு, 1949-ல்தான் பதக்கமும் பட்டயமும் பூட்டெனான்ட்டுக்குக் கிடைத்தன. பரிசுத் தொகை கிடைக்கவில்லை, அதற்கான காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

ரத்த மாதிரிகள் எங்கிருந்து வந்தன?

பூட்டெனான்ட்டின் வாழ்க்கையில் இன்றும் வரலாற்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது.

பெர்லினில் அவருடைய நிறுவனம் இருந்த அதே டாலெம் பகுதியில் மானுடவியல் ஆய்வு நிறுவனம் ஒன்றும் இயங்கியது. அதன் இயக்குநர் ஓட்மார் ஃபான் ஃபெர்ஷுவர். இன வேறுபாடுகளை ரத்தத்தில் உள்ள புரதங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்ந்தவர். அவருடைய முன்னாள் உதவியாளர் ஜோசப் மெங்கலே, ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் மருத்துவர். கைதிகள் மீது, குறிப்பாக இரட்டைக் குழந்தைகள் மீது, கொடூரமான சோதனைகளை நடத்தியவர்.

ஆஷ்விட்ஸில் இருந்து மெங்கலே அனுப்பிய ரத்த மாதிரிகள் ஃபெர்ஷுவரின் ஆய்வுக்குப் பயன்பட்டன. அந்த ஆய்வில் வேதியியல் வேலைகளைச் செய்தவர், பூட்டெனான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு ஆராய்ச்சியாளர்.

பூட்டெனான்ட் நேரடியாக இதில் ஈடுபட்டார் என்பதற்கு ஆவண ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. தன் நிறுவனத்து ஆள் செய்த வேலையைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் தொடர்கிறது. ஆனால் போருக்குப் பிறகு நடந்தது தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. 1949-ல் ஃபெர்ஷுவருக்கு ஆதரவான அறிக்கையில் சக விஞ்ஞானிகளோடு சேர்ந்து கையெழுத்திட்டார் பூட்டெனான்ட். 1951-ல் ஃபெர்ஷுவர் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவே அமர்ந்துவிட்டார்.

1931-ல் போலீஸ்காரர்களின் சிறுநீர் வேண்டியிருந்தது, கேட்டு வாங்கினார்கள். 1944-ல் ரத்தம் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர்களுக்கு மறுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. ஆய்வக மேஜைக்கு வரும் சோதனைக்குழாயைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் தெரியும். இன்று மருத்துவ ஆய்வில் பங்கேற்பவரின் சம்மதத்தை எழுத்துபூர்வமாக வாங்க வேண்டும் என்ற விதி, நாஜி மருத்துவர்கள் மீது நியூரம்பெர்க்கில் நடந்த விசாரணையில் இருந்து கிளைத்து வந்ததுதான்.

பட்டுப்பூச்சிக்குப் பின்னால் 20 வருஷம்

குண்டுவீச்சுக்குத் தப்பி, போரின் கடைசிக் கட்டத்தில் பூட்டெனான்ட்டின் நிறுவனம் பெர்லினில் இருந்து தெற்கே டியூபிங்கன் நகருக்கு மாறியது. போருக்குப் பின் கைசர் வில்ஹெல்ம் சங்கம் மாக்ஸ் பிளாங்க் சங்கமாக மறுபிறவி எடுத்தது. 1956-ல் நிறுவனம் மியூனிக் நகருக்குப் போனது.

அவருடைய ஆராய்ச்சி இப்போது பூச்சிகளின் பக்கம் திரும்பியிருந்தது. 1954-ல் பீட்டர் கார்ல்சனோடு சேர்ந்து, 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களில் இருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தார். புழு தோலுரித்து வளர உதவும் ஹார்மோன் இது.

1959-ல் அதைவிடப் பெரிய வெற்றி. பெண் பட்டுப்பூச்சி ஆண் பூச்சியை ஈர்க்க வெளியிடும் வாசனைப் பொருளான பாம்பிகோல். சுமார் 20 வருஷ உழைப்பு, சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகள். உலகில் முதன்முதலாக வேதியியல் அமைப்பு கண்டறியப்பட்ட ஃபெரோமோன் இதுதான். பூச்சிக்கொல்லி அடிக்காமல் வாசனையைக் காட்டிப் பூச்சிகளைப் பிடிக்கிறார்களே, அந்த இனக்கவர்ச்சிப் பொறிக்கு அடித்தளம் இந்த ஆய்வு.

1960 முதல் 1972 வரை மாக்ஸ் பிளாங்க் சங்கத்தின் தலைவராக இருந்தார். போருக்குப் பிந்தைய ஜெர்மன் அறிவியலின் முகமே அவர்தான் என்ற அளவுக்கு உயர்ந்தார். நாஜிக் காலத்தில் சங்கம் என்ன செய்தது என்ற கேள்வி அந்த 12 வருஷமும் பெரும்பாலும் எழுப்பப்படாமலே போனது.

மறந்துபோன டி.ஹெச்.டி மீண்டும் வந்தது எப்படி?

பூட்டெனான்ட் பூச்சிகளோடு இருந்த காலத்தில், அவர் விட்டுச்சென்ற நூலை வேறு சிலர் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் அமெரிக்க உடற்கூறியல் நிபுணர் ஜேம்ஸ் ஹாமில்டன். டெஸ்டோஸ்டிரோன் ஆய்வகத்தில் தயாராகி ஊசி மருந்தாகக் கிடைக்க ஆரம்பித்ததால்தான் அவருடைய ஆய்வு சாத்தியமானது. பருவம் அடைவதற்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அவர் கவனித்தார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. முகப்பருவுக்கும் ஆண் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பை 1941-லும், வழுக்கைக்கான தொடர்பை 1942-லும் வெளியிட்டார்.

அப்படின்னா டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்தால் வழுக்கையா? இல்லை. வழுக்கை உள்ளவர்களுக்கும் அதன் அளவு பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். அப்போது வேறு ஏதோ நடக்கிறது.

1968-ல் விடை வந்தது. நிக்கோலஸ் புருச்சோவ்ஸ்கி, ஜீன் வில்சன் இருவரும், ப்ராஸ்டேட் செல்லின் கருவுக்குள் போய் வேலை செய்வது டெஸ்டோஸ்டிரோன் இல்லை, டி.ஹெச்.டி-தான் என்று காட்டினார்கள். 33 வருஷத்துக்கு முன் பூட்டெனான்ட் குடுவையில் செய்த அதே மாற்றத்தை, உடலுக்குள் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி தினமும் செய்துகொண்டிருந்தது.

1974-ல் ஜூலியான் இம்பெரேடோ-மெக்கின்லி தலைமையிலான குழு, கரீபியத் தீவு நாடான டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் இருந்து அதிசயமான செய்தியைக் கொண்டுவந்தது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் குழந்தைகளாகக் கருதப்பட்டு, பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். பரம்பரையாக வந்த மரபணுக் குறைபாட்டால் அவர்களுக்கு இந்த நொதி சரியாக வேலை செய்யவில்லை. வளர்ந்த பிறகும் அவர்களின் ப்ராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. முன்நெற்றி முடி ஏறவில்லை.

மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. இந்த நொதியை மாத்திரையால் தடுத்தால் ப்ராஸ்டேட் வீக்கத்தைக் குறைக்கலாமே என்று யோசித்தார்கள். பிறந்தது ஃபினாஸ்டெரைடு. 1992-ல் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997-ல் ஆண்களின் முடி உதிர்வுக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

முதல் அனுமதி கிடைத்தபோது பூட்டெனான்ட் உயிரோடு இருந்தார். இரண்டாவதைப் பார்க்கவில்லை. 1995 ஜனவரி 18 அன்று மியூனிக்கில், 91-வது வயதில் காலமானார்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

நொதியை வீட்டு கிரைண்டராக நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி உள்ளே போகிறது, மாவு வெளியே வருகிறது. இங்கே டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போகிறது, டி.ஹெச்.டி வெளியே வருகிறது. ஃபினாஸ்டெரைடின் உருவம் டெஸ்டோஸ்டிரோனைப் போலவே இருக்கும். கிரைண்டர் ஏமாந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது சிக்கிக்கொண்டு லேசில் வெளியே வராது. கிரைண்டர் நின்றுவிடும். டெஸ்டோஸ்டிரோன் அப்படியே இருக்கும், டி.ஹெச்.டி மட்டும் குறையும்.

ரத்தத்தில் டி.ஹெச்.டி சுமார் 70 சதவீதம் குறைகிறது. பின்னால் வந்த டூட்டாஸ்டெரைடு 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? கிரைண்டர் ஒன்று இல்லை. முக்கியமாக இரண்டு வகை. வகை 2 மயிர்க்கால்களிலும் ப்ராஸ்டேட்டிலும் அதிகம். வகை 1 தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் அதிகம். ஃபினாஸ்டெரைடு முக்கியமாக வகை 2-ஐத் தடுக்கிறது. டூட்டாஸ்டெரைடு இரண்டையும் தடுக்கிறது.

அப்போ முகப்பருவுக்கும் இதையே சாப்பிடலாமா?

பலரும் கேட்கும் கேள்வி. பதில், அவ்வளவு எளிதில்லை.

பருவ வயதில் ஆண் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. எண்ணெய் அதிகமாகி, துளை அடைத்து, பாக்டீரியா பெருகி, பரு வருகிறது. பெண்கள் உடலிலும் இந்த ஹார்மோன் கொஞ்சம் உண்டு. பி.சி.ஓ.எஸ் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது கூடும்போது பருவும் முகத்தில் ரோமமும் சேர்ந்தே வரலாம்.

ஆனால் டொமினிக்கன் ஆண்களைப் பின்னாளில் பரிசோதித்தபோது, அவர்களின் தோலில் எண்ணெய் சுரப்பது மற்ற ஆண்களைப் போலவேதான் இருந்தது. வகை 2 நொதி இல்லாவிட்டாலும் எண்ணெய் குறையவில்லை. சரி, வகை 1-ஐத் தடுத்தால்? அதற்கென்று ஒரு மருந்தை உருவாக்கிப் பரு உள்ளவர்களுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

அதனால் ஹார்மோன் சார்ந்த பருவுக்கு இன்று மருத்துவர்கள் போகும் வழி வேறு. நொதியை விட்டுவிட்டு, ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் மருந்துகள். பெண்களுக்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை அந்த வகை. 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளாஸ்கோடெரோன் க்ரீமும் அப்படித்தான். பெண்களின் முக ரோமத்துக்கு ஃபினாஸ்டெரைடைச் சில மருத்துவர்கள் தருவதுண்டு, கர்ப்பம் தரிக்காமல் இருப்பதை உறுதி செய்த பிறகு மட்டும்.

விழுங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

* பலன் தெரிய குறைந்தது மூன்று மாதமாவது ஆகும். நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் பலன் போய்விடும்.
* சிலருக்குப் பாலுறவு ஆர்வம் குறைவது, விறைப்புக் குறைபாடு போன்ற பக்கவிளைவுகள் வரலாம். சிலர் மருந்தை நிறுத்திய பிறகும் இவை தொடர்வதாகப் புகார் சொல்கிறார்கள்.
* தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டெரைடின் பக்கவிளைவுகளில் ஒன்று என்பதை ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025-ல் உறுதிசெய்தது. மனநிலையில் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.
* கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.
* ப்ராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் பி.எஸ்.ஏ பரிசோதனையின் அளவை இது சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும். மருத்துவரிடம் சொல்லாவிட்டால் ரிப்போர்ட் ஏமாற்றிவிடும்.
* ஃபினாஸ்டெரைடு எடுப்பவர்கள் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும், டூட்டாஸ்டெரைடு எடுப்பவர்கள் ஆறு மாதம் வரையிலும் ரத்ததானம் செய்யக் கூடாது.

நண்பர் சாப்பிடுகிறார் என்று ஆன்லைனில் ஆர்டர் போடும் மாத்திரை இல்லை இது. தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேட்கப்படாமல் போன கேள்வி

பூட்டெனான்ட் இறந்த சில ஆண்டுகளில், 1990-களின் இறுதியில், மாக்ஸ் பிளாங்க் சங்கம் தன் நாஜிக் காலக் கோப்புகளைத் தானே திறந்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. 2001-ல் அதன் அன்றைய தலைவர் ஹூபர்ட் மார்க்ல், மெங்கலேவின் சோதனைகளில் இருந்து உயிர்தப்பிய இரட்டையர்களை பெர்லினுக்கு அழைத்து, அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர்கள் முதியவர்கள். முகாமில் இருந்தபோது சிறுவர்கள். இடையில் 56 வருஷம் ஓடியிருந்தது.

அதில் 12 வருஷம் அந்தத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் பூட்டெனான்ட்.

15,000 லிட்டரில் ஒளிந்திருந்த 15 மில்லிகிராமைத் தேடிக் கண்டுபிடித்த பொறுமை அவருக்கு இருந்தது. ஒரு பட்டுப்பூச்சியின் வாசனைக்காக 20 வருஷம் காத்திருந்தார். தன் நிறுவனத்துக்கு வந்த ரத்தம் யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பொறுமையை அவர் செலவிடவில்லை.